தோண்டிய பிறகு – 11: பெட்டியும் பதிவேடும்

சென்ற இதழில் ஜெனரல் பிட்-ரிவர்ஸை ஃபார்ன்ஹம் கிராமத்தில் விட்டுவிட்டு வந்தோம். தென் இங்கிலாந்தின் கிரான்போர்ன் சேஸ் பகுதியில் நடத்திய அகழாய்வுகளை 1887 முதல் 1898 வரை நான்கு பெருந்தொகுதிகளாகச் சொந்தச் செலவில் அச்சிட்டவர் அவர். எந்தப் பொருள் எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்பதை அந்தக் காலத்தில் அவர் அளவுக்கு எழுதிவைத்தவர்கள் குறைவு. அப்படிப்பட்டவரின் சேகரிப்புக்கே இரண்டு விதமான தலையெழுத்து வாய்த்தது. 1884இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்த தொகுப்பு இன்றும் அவர் பெயரைத் தாங்கிய அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஃபார்ன்ஹமில் குடும்பத்தின் பொறுப்பில் இருந்த இரண்டாம் தொகுப்போ 1960களிலும் 70களிலும் துண்டு துண்டாக விற்கப்பட்டுப் பல நாடுகளுக்குச் சிதறியது. அகழாய்வில் கிடைத்தவற்றில் ஒரு பகுதி மட்டும் சால்ஸ்பரி அருங்காட்சியகத்தில் கரைசேர்ந்தது.

ஒரே மனிதர், ஒரே கவனம், ஆனால் முடிவு இரண்டு. தோண்டியவர் எவ்வளவு உழைத்தாலும், அவருக்குப் பிறகு அந்தப் பொருட்களையும் குறிப்புகளையும் யார் வைத்துக்கொள்வது, எப்படி வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே முடிவாகாவிட்டால் அந்த உழைப்பு நிலைக்காது. ஒரு மண்ணடுக்கை ஒருமுறைதான் அகழ முடியும். அகழ்ந்ததும் அது போய்விடும். மிஞ்சுவது பெட்டிகளும் பதிவேடுகளும்தான். இந்த உண்மையைத் தனிமனிதர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்துவிட்டார்கள். பல நாடுகள் ஒன்றாக உட்கார்ந்து, ‘நாம் எல்லோரும் குறைந்தபட்சம் இதைச் செய்வோம்’ என்று எழுதிக்கொள்ள 2014 வரை ஆயிற்று. அந்த நீண்ட பாதைதான் இந்த வாரக் கதை.

பாதை எகிப்தில் தொடங்குகிறது. அங்கே அகழாய்வுக்கு அனுமதி பெற்ற வெளிநாட்டுக் குழுக்கள், கிடைத்ததில் ஒரு பங்கைக் கெய்ரோவில் ஒப்படைத்துவிட்டு மறுபங்கைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோக அனுமதி இருந்தது. அந்தப் பங்கையும் ஒரே இடத்தில் வைக்கவில்லை. அகழாய்வுக்குப் பணம் கொடுத்த அருங்காட்சியகங்கள், பள்ளிகள், சங்கங்கள் என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஒரே கல்லறைக்குள் ஐயாயிரம் ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்த கலங்கள் வெவ்வேறு கண்டங்களுக்குப் போயின. பிரிட்டிஷ் குழுக்கள் எகிப்தில் எடுத்தவை மட்டும் உலகெங்கும் முந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களில் இன்று இருக்கின்றன.

இப்படிச் சிதறியவற்றில் கணிசமானவற்றை இன்றும் அடையாளம் காண முடிகிறது. காரணம், அங்கே அகழ்ந்த பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி. பானையின் உடலிலேயே கல்லறை எண்ணை எழுதிவைப்பது அவர் வழக்கம். சில எழுத்து, சில இலக்கம், அவ்வளவுதான். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவருடைய களக்குறிப்பேட்டைத் திறந்தால், பானை எந்தக் கல்லறையில், எந்தப் பொருட்களோடு இருந்தது என்பது தெரியும். எண் அழிந்துபோன பானை அழகான பானைதான், ஆனால் வரலாற்றாசிரியனுக்கு அதனிடம் கேட்க அதிகம் இல்லை. இந்தத் தொடர் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் இதுதான்: பொருளையும் பதிவையும் கட்டிவைக்கும் அந்தச் சிறிய எண், பொருளைவிட மதிப்பில் குறைந்ததல்ல.

1937 மார்ச்சில் கெய்ரோவில் ஒரு மாநாடு கூடியது. பன்னாட்டுச் சங்கத்தின் கீழ் பாரிஸிலிருந்து இயங்கிய சர்வதேச அருங்காட்சியக அலுவலகம் கூட்டிய மாநாடு அது. அகழாய்வு உரிமை யாருக்கு, கிடைப்பதில் யாருக்கு எவ்வளவு, வெளிநாட்டுக் குழுவின் கடமை என்ன என்று விவாதித்து ஓர் இறுதி அறிக்கையை நிறைவேற்றினார்கள். இரண்டே ஆண்டுகளில் உலகப்போர் வெடித்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது.

அதைத் தூசி தட்டி எடுத்த இடம் புதுதில்லி. யுனெஸ்கோவின் ஒன்பதாவது பொது மாநாடு 1956இல் அங்கே நடந்தது. அதற்காகவே விஞ்ஞான் பவனைக் கட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி, தொல்லியல் அகழாய்வுகளுக்கான சர்வதேச நெறிமுறைகள் பற்றிய பரிந்துரை அங்கே ஏற்கப்பட்டது. இன்று அதைப் படிக்கும்போது, புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் குரல் அதில் தெளிவாகக் கேட்கிறது. அகழ்ந்தெடுத்தவை முதலில் அந்த நாட்டு அருங்காட்சியகங்களில் முழுமையான தொகுப்புகளாக அமைய வேண்டும். பங்கு பிரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அகழ்ந்தவர் முதற்கட்ட அறிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் வெளியிட வேண்டும். ஐந்து ஆண்டுகள் வரை அவருடைய எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கண்டெடுத்த தொகுப்பையும் அதன் ஆவணங்களையும் மற்றவர்களின் விரிவான ஆய்வுக்குத் திறந்துவிடக் கூடாது. அதாவது, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவை அவருடைய தனிச்சொத்து அல்ல. தொல்லியல் ஆவணம் பொதுச் சொத்து என்ற கருத்து சர்வதேச ஏட்டில் இப்படி ஒரு மூலையில் நுழைந்தது.

நுழைந்ததே தவிர, பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும், எந்தத் தாளில் எழுத வேண்டும், யார் வாங்கி வைக்க வேண்டும் என்று தில்லிப் பரிந்துரை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நெருக்கடியும் அப்போது இல்லை. நெருக்கடி உருவாகிக்கொண்டிருந்தது லண்டனில்.

போரில் குண்டு விழுந்து தரைமட்டமான லண்டன் நகரத்தை மீண்டும் கட்டத் தொடங்கியபோது, ஒவ்வொரு கடைக்காலுக்கு அடியிலும் ரோமானிய லண்டன் எட்டிப்பார்த்தது. 1954 செப்டம்பரில் வால்புரூக் என்ற பழைய ஓடைக்கரையில் டபிள்யூ. எஃப். கிரைம்ஸும் ஆட்ரி வில்லியம்ஸும் அகழ்ந்துகொண்டிருந்தார்கள். 18ஆம் தேதி, வேலை முடிய வேண்டிய நாளில், பளிங்கில் செதுக்கிய ஓர் இளைஞனின் தலை வெளிவந்தது. மித்ரஸ் தெய்வத்தின் தலை. அகழ்ந்துகொண்டிருந்தது அந்தத் தெய்வத்தின் கோயில். செய்தி பத்திரிகையில் வந்ததும் நகரமே திரண்டது. அடுத்த நாட்களில் சுமார் 4 லட்சம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள் என்பது கணக்கு. சர்ச்சிலின் அமைச்சரவைக் கூட்டத்திலேயே இந்தக் கோயிலைப் பற்றிப் பேசும்படி ஆயிற்று.

ஆனாலும் கட்டுமான வேலை நிற்கவில்லை. கற்களைப் பெயர்த்து வைத்திருந்து, 1962இல் சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் கோயிலைத் ‘திரும்பக் கட்டினார்கள்’. கட்டியது தவறாகப் போயிற்று. திசை மாறியது. சிமென்ட் பூசினார்கள். மண் தரை இருந்த இடத்தில் கற்பலகைகளை ஒட்டினார்கள். தளத்திலிருந்த மரவேலைகளின் சுவடே இல்லை. ஐம்பது ஆண்டுகள் லண்டன்வாசிகள் பார்த்த மித்ரஸ் கோயில் இதுதான்.

அதைத் திருத்தியது கிரைம்ஸ் விட்டுச்சென்ற காகிதங்கள். அந்த அகழாய்வின் முழு அறிக்கை அவர் காலத்தில் வரவில்லை. வரைபடங்களும் குறிப்புகளும் புகைப்படங்களும் பெட்டிகளில் இருந்தன. அவற்றை வைத்து ஜான் ஷெப்பர்ட் 1998இல், அதாவது 44 ஆண்டுகள் கழித்து, அறிக்கையை வெளியிட்டார். பின்னர் ப்ளூம்பெர்க் நிறுவனம் அதே இடத்தில் தன் கட்டடத்தைக் கட்டியபோது, இந்த ஆவணங்களையும், 1954இல் வரிசையில் நின்ற பொதுமக்கள் எடுத்த படங்களையும் சேர்த்துப் பார்த்து, கோயிலை அதன் பழைய இடத்தருகே, அகழ்ந்தபோது இருந்த நிலையில் மறுபடி அமைத்தார்கள். 2017இல் அது திறக்கப்பட்டது. கற்கள் எல்லாம் கையில் இருந்தும் 1962இல் முடியாதது, காகிதத்தைக் கவனமாகப் படித்ததால் 2017இல் முடிந்தது. ஆவணத் தொகுப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் உதாரணம் இதுதான்.

1973இல் லண்டன் நகரத்துக்கென்றே ஒரு நகர்ப்புறத் தொல்லியல் துறை அமைந்தது. அவர்கள் வகுத்த பதிவுமுறையைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். ஒவ்வோர் அகழாய்வு இடத்துக்கும் மூன்று எழுத்தும் ஆண்டின் கடைசி இரு இலக்கமும் கொண்ட ஒரு குறியீடு. நியூகேட் தெருவில் பழைய தலைமை அஞ்சலகம் இருந்த மனைக்கு ‘ஜிபிஓ75’. அந்த மனைக்குள் காணும் ஒவ்வொரு தனி அடுக்குக்கும் ஓர் எண்: ஒரு சுவருக்கு ஒன்று, சுவருக்காக வெட்டிய பள்ளத்துக்கு ஒன்று, பள்ளத்தை நிரப்பிய மண்ணுக்கு இன்னொன்று. எண் ஒன்றுக்குத் தாள் ஒன்று. மண்ணின் நிறம், இறுக்கம், கலந்திருப்பது என்ன, அதற்கு மேலே என்ன, கீழே என்ன என்று அச்சிட்ட கட்டங்களில் நிரப்ப வேண்டும். அந்த அடுக்கில் கிடைத்த ஓடுகளைக் கழுவி, காயவைத்து, மெல்லிய பேனாவால் ஒவ்வொரு ஓட்டின் மீதும் குறியீட்டையும் எண்ணையும் எழுத வேண்டும். விரல்நகம் அளவு ஓட்டுக்கும் விலக்கு இல்லை. நாற்பது ஆண்டு கழித்து யாரோ ஒருவர் அந்த ஓட்டை எடுத்தால், அதற்குரிய தாளுக்கும், தாளிலிருந்து வரைபடத்துக்கும் நேரே போய்விடலாம். பெட்ரி தனியாளாகச் செய்ததை ஒரு நகரமே விதியாக்கிக்கொண்டது.

இதே காலத்தில் இன்னொரு திருப்பம். அழியும் முன் அகழ்ந்துவிடும் அவசர வேலைகள் பெருகி, எல்லாவற்றையும் முழுமையாக அச்சிடுவது நடக்காத காரியம் என்று ஆனது. 1975இல் பேராசிரியர் ஷெப்பர்ட் ஃப்ரியர் தலைமையிலான குழு, அச்சில் சுருக்கம் போதும், விரிவான பதிவுகள் ஆவணத் தொகுப்பில் யாரும் பார்க்கும்படி இருக்கட்டும் என்றது. நியாயமான யோசனை. ஆனால் அதன் விளைவை அப்போது எத்தனை பேர் முழுக்க யோசித்தார்கள் என்பது சந்தேகமே. அதுவரை பெட்டிகள் நூலுக்குத் துணையாக இருந்தன. இப்போது பாரம் முழுவதும் பெட்டிகள் மேல் இறங்கியது.

லண்டனின் பெட்டிகள் கடைசியில் போய்ச் சேர்ந்த கட்டடம் ஹாக்னியில், ஈகிள் வார்ஃப் சாலையில் இருந்தது. 2002இல் லண்டன் தொல்லியல் ஆவண மையமாகத் திறக்கப்பட்ட அந்த இடத்தில் சுமார் 8,500 அகழாய்வுகளின் பொருட்களும் பதிவுகளும் சேர்ந்தன; உலகின் மிகப் பெரிய தொல்லியல் ஆவணத் தொகுப்பு என்று கின்னஸ் ஏட்டிலும் இடம்பெற்றது. கட்டடத்தின் பெயர் மார்ட்டிமர் வீலர் இல்லம்.

ஆம், நம் அரிக்கமேட்டு வீலர்தான். லண்டன் அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தவர், 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தவர். 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்து, மறு ஆண்டே ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இரண்டாம் இதழில் அறிக்கையை வெளியிட்டுவிட்டார். அடுக்கு அடுக்காக, எண் எண்ணாக அவர் அச்சில் தந்திருந்ததால்தான், 1983இல் விமலா பெக்லி அந்தப் பானை ஓடுகளை மறுபடி ஆராய்ந்து வீலரின் காலக்கணிப்பையே கேள்விக்கு உட்படுத்த முடிந்தது. ஆனால் அரிக்கமேட்டின் முழுத் தொகுப்பு என்று சொல்லி ஒரே இடத்தில் கைகாட்ட முடியாது. வீலருக்கு முன்பே பிரெஞ்சுப் புதுச்சேரியில் தோண்டியவர்கள் சில பொருட்களை ஹனோயில் இருந்த பிரெஞ்சு நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார்கள். வீலருக்குப் பிறகு 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுத் தொல்லியலாளர் காசால், 1989 முதல் 1992 வரை பெக்லி குழு. ஒரே மேடு, வெவ்வேறு அரசுகள், வெவ்வேறு பதிவுமுறைகள். நாடுகள் சேர்ந்து ஒரு பொது நெறி வகுக்க வேண்டிய தேவையைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேறு உதாரணம் வேண்டியதில்லை.

ஐரோப்பாவுக்குத் திரும்புவோம். 1992 ஜனவரி 16ஆம் தேதி மால்டாவின் தலைநகர் வாலெட்டாவில் ஐரோப்பிய கவுன்சில் உறுப்பு நாடுகள் தொல்லியல் மரபைக் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தொடங்கின. சாலையோ ரயில் பாதையோ அடுக்குமாடியோ கட்டுகிறவர், அதனால் அழியப்போகும் தொல்லியல் தடயங்களை ஆராயும் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி அதில் இடம்பெற்றது. இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் மிச்சங்கள் 1989இல் கட்டுமானப் பள்ளத்தில் வெளிப்பட்டுப் பெரும் போராட்டமே நடந்ததையடுத்து, 1990லேயே இதே திசையில் அரசின் வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஒப்பந்தத்தால் ஐரோப்பா முழுவதும் அகழாய்வுகள் பெருகின. ஒப்பந்த அடிப்படையில் அகழும் தனியார் நிறுவனங்கள் முளைத்தன.

இந்த ஒப்பந்தத்தில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது என்பது என் உறுதியான கருத்து. நான்காம் பிரிவில், இடம்பெயர்த்த தொல்பொருட்களுக்குத் தகுந்த சேமிப்பிடம் வேண்டும் என்று ஓர் உட்பிரிவு. ஆறாம் பிரிவில் பணம்: முன்னாய்வு, அகழாய்வு, முழு வெளியீடு வரை. வெளியீட்டுக்குப் பிறகு அந்தப் பெட்டிகள் ஆண்டாண்டு காலத்துக்கு ஓர் அலமாரியில் இருக்க வேண்டுமே, அதற்கு வாடகை, மின்சாரம், காப்பாளர் சம்பளம்? கட்டியவர் கட்டிமுடித்துப் போய்விடுவார். அகழ்ந்த நிறுவனம் அடுத்த ஒப்பந்தத்துக்குப் போய்விடும். உள்ளூர் அருங்காட்சியகம், ‘எங்களிடம் இடமில்லை’ என்று கைவிரிக்கும். 2012இல் இங்கிலாந்தின் அருங்காட்சியகத் தொல்லியலாளர்கள் எடுத்த கணக்கில், எந்த அருங்காட்சியகத்திலும் ஒப்படைக்கப்படாமல் அகழாய்வு நிறுவனங்களின் கைவசமே தேங்கிக் கிடந்த தொகுப்புகள் சுமார் 9,000. ஒவ்வொன்றும் இனி ஒருபோதும் அகழ முடியாத ஓர் இடத்தின் ஒரே சாட்சி.

இந்தத் தேக்கத்தின் நடுவில்தான், தொல்லியல் ஆவணத் தொகுப்புகளுக்குப் பொது நெறி வகுக்கும் ஆர்ச்சஸ் திட்டம் பிறந்தது. ஐரோப்பிய நாடுகளின் தொல்லியல் பாதுகாப்புத் துறைகள் சேர்ந்து 1999இல் முறைப்படி அமைத்துக்கொண்ட ஐரோப்பியத் தொல்லியல் மன்றத்தின் ஆதரவில், ஐரோப்பிய ஒன்றியத்தின் பண்பாட்டு நிதியோடு, 2012 முதல் 2014 வரை அது நடந்தது. பங்கேற்றவை இங்கிலாந்து, நெதர்லாந்து, சுவீடன், ஐஸ்லாந்து, செக் குடியரசு, பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் வட்டாரம், ஜெர்மனியிலிருந்து பாடன்-வுர்ட்டம்பெர்க், சாக்சனி-அன்ஹால்ட் என்ற இரண்டு மாநிலங்கள். சுவிட்சர்லாந்து நிபுணர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஜெர்மனிக்கு ஏன் இரண்டு நாற்காலி? அங்கே தொல்லியல் மத்திய அரசின் கையில் இல்லை, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். பெல்ஜியத்திலும் அப்படித்தான், வட்டாரத்துக்கு ஒரு சட்டம். நெதர்லாந்தில் பொருட்கள் மாகாணக் கிடங்குகளுக்குப் போகும். ஐஸ்லாந்தில் அப்போது மக்கள்தொகையே மூன்றேகால் லட்சம்தான். அங்கே தேசிய அருங்காட்சியகமே எல்லாவற்றுக்கும் புகலிடம். இங்கிலாந்தில் நில உரிமையாளர் எழுதிக் கொடுத்தாலொழிய, பெரும்பாலான பொருட்கள் சட்டப்படி அவருக்கே சொந்தம். இவ்வளவு வேறுபட்ட சட்டங்களை ஒரே சட்டமாக்க முயன்றிருந்தால் பேச்சுவார்த்தை இன்றுவரை முடிந்திருக்காது.

அவர்கள் அந்த வழியில் போகவில்லை. யார் செய்ய வேண்டும் என்பதை நாடுகளுக்கே விட்டுவிட்டு, எது நடந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் வகுத்தார்கள். இது பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் பல நாடுகள் கூடி எழுதும் நெறிகளில் இந்தத் தெளிவு அபூர்வம்.

2014இல் வெளிவந்த வழிகாட்டியின் ஆசிரியர் வரிசையில் முதல் இரண்டு பெயர்கள் கேத்தி பெர்ரின், டங்கன் பிரவுன். பிரவுன் 2007லேயே பிரிட்டனுக்காக இதேபோல ஒரு கையேடு எழுதியவர். அந்த அனுபவம் இதில் நன்றாகத் தெரிகிறது. ஐரோப்பியத் தொல்லியல் மன்றம் வெளியிட்ட வழிகாட்டி வரிசையில் இது முதல் எண். அகழும் முறைக்கும் நிலத்தடி ஆய்வுக்கும் முன்னால் ஆவணத் தொகுப்புக்கு முதலிடம் கொடுத்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விவரம்.

வழிகாட்டியின் அடித்தளம் மூன்று முடிவுகள். ஒரு திட்டத்தில் கிடைத்து, காப்பதற்காகத் தேர்ந்தெடுத்த அனைத்தும் ஒரே தொகுப்பு: பானை ஓடு, எலும்பு, கருகிய தானியம், மண் மாதிரி, உலோகக் கசடு, களத்தாள், வரைபடம், புகைப்படம், கணினிக் கோப்பு எல்லாம். பொருள் அருங்காட்சியகத்துக்கு, காகிதம் வேறோர் அலுவலகத்துக்கு, கோப்பு யாரோ ஒருவரின் கணினிக்கு என்று பிரிந்துபோகும் பழக்கத்தை இது தலைகீழாக்கியது. நிர்வாக வசதிக்காக வெவ்வேறு இடங்களில் வைக்க நேர்ந்தாலும், ஒன்றின் பதிவில் மற்றொன்று இருக்கும் இடம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது முடிவுதான் என் கணக்கில் மிகப் பெரியது. ஆவணத் தொகுப்பு அகழாய்வு முடிந்த பிறகு தொடங்கும் வேலை இல்லை. மண்வெட்டி நிலத்தில் இறங்குவதற்கு முன்பே, திட்டம் எழுதும் நாளிலேயே தொடங்குவது. எந்தக் கிடங்கு வாங்கிக்கொள்ளும், அது எந்த அளவுப் பெட்டியைக் கேட்கிறது, எவ்வளவு இடம் ஆகும், செலவு யார் தலையில் என்பதெல்லாம் அப்போதே எழுத்தில் இருக்க வேண்டும். திட்டமிடல், களப்பணி, ஆய்வு, தொகுத்தல், ஒப்படைத்தல் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் சரிபார்ப்புப் பட்டியல்கள் தந்தார்கள். கடைசி நாளில் ஞாபகம் வந்து அடித்துப்பிடித்து அடுக்கும் வேலை இனி வேண்டாம் என்பதே நோக்கம். மூன்றாவது, பொறுப்பு எல்லோருக்கும் உரியது. காப்பாளர் மட்டுமல்ல, குழிக்குள் நின்று தாளை நிரப்பும் பயிற்சி மாணவரும் இந்தத் தொகுப்பை உருவாக்குகிறவர்தான்.

இந்தக் கொள்கைகள் கீழே இறங்கி வரும் இடம் மிகச் சின்னச் சின்ன விஷயங்கள். இரும்புக் கிளிப்பும் ஊசியும் வேண்டாம். துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். ரப்பர் வளையம் சில ஆண்டுகளில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் நாடா மஞ்சளாகி எழுத்தை மறைக்கும். தாளும் அட்டைப்பெட்டியும் அமிலம் இல்லாதவையாக இருக்கட்டும். அகழ்ந்தெடுத்த இரும்பைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்; ஈரத்தில் கிடைத்த தோலையும் மரத்தையும் காயவிடாதீர்கள். ஈரப்பத எச்சரிக்கையை ஊறுகாய் ஜாடிக்குள் நனைந்த கரண்டி விடாத வீட்டில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நனைந்தாலும் அழியாத மையில் எழுதுங்கள். பெட்டிக்கு வெளியே ஒரு சீட்டு, உள்ளே ஒரு சீட்டு. எல்லாவற்றுக்கும் ஒரு காப்புப் பிரதி, வேறோர் ஊரில்.

கடைசி வரியின் அருமை செக் நாட்டவருக்கு நன்றாகத் தெரியும். 2002 ஆகஸ்டில் வல்தாவா ஆறு பெருக்கெடுத்து ப்ராக் நகருக்குள் புகுந்தபோது, அங்குள்ள தொல்லியல் நிறுவனத்தின் நூலகம் நீரில் மூழ்கியது. நனைந்த புத்தகங்கள் பூஞ்சை பிடிக்காமலிருக்க அவற்றை உறையவைத்து, பிறகு சிறிது சிறிதாக உலர்த்தி மீட்க வேண்டியிருந்தது.

எல்லோரும் ஒத்துப்போகாத ஒரு பகுதியும் உண்டு: எதை வைப்பது, எதை விடுவது? ஆயிரக்கணக்கில் உடைந்த கூரை ஓடுகளை எண்ணி, எடைபோட்டு, மாதிரிக்குச் சில எடுத்துவைத்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம் என்பது ஒரு தரப்பு. வழிகாட்டியும் அதை அனுமதிக்கிறது. ஆனால் தேர்வு எந்த அடிப்படையில் நடந்தது என்று எழுதியிருக்க வேண்டும், வாங்கிக்கொள்ளும் கிடங்கு அதற்கு உடன்பட்டிருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2019இல் தொல்லியலாளர்களின் தொழில்முறை அமைப்பு இதற்கென்றே தனிக் கருவித்தொகுப்பை வெளியிட்டது. எதிர்த்தரப்பின் வாதத்தையும் லேசாக ஒதுக்கிவிட முடியாது. கார்பன் காலக்கணிப்பை வில்லார்ட் லிபியும் ஜேம்ஸ் ஆர்னால்டும் 1949இல் சரிபார்த்தது, எகிப்தின் சக்காராவில் ஜோசர் மன்னன் கல்லறையிலிருந்து வந்த மரத்துண்டு போன்ற, காலம் முன்பே தெரிந்த பொருட்களைக் கொண்டுதான். அந்த மரத்தை எடுத்துவைத்தவர்களுக்கு இப்படி ஒரு முறை வரப்போவது தெரியாது. இன்று நாம் கழித்துவிடும் மண் மாதிரியில் நாளை என்ன படிப்பார்கள் என்று நமக்கும் தெரியாது. இடத்துக்கு எல்லை உண்டு, அறிவியலுக்கு இல்லை. இந்த இழுபறிக்கு எந்த நெறிநூலும் முடிவு கட்டாது. தேர்ந்தவர் காரணத்தை எழுதிவைத்தால், பின்னால் வருகிறவர் குறைந்தபட்சம் எது இல்லை என்பதையாவது அறிவார். என் மனம் வைத்துக்கொள்ளும் பக்கம்தான் சாய்கிறது.

வழிகாட்டியைப் பங்கேற்ற நாடுகளின் மொழிகளிலேயே கொண்டுவந்தார்கள். அதே சமயத்தில், இத்தாலியின் ப்ராத்தோ நகரிலிருந்து ஒருங்கிணைத்து 2013இல் தொடங்கிய அரியாட்னே திட்டம், பல நாடுகளின் தொல்லியல் தரவுத்தளங்களை ஒரே வாசல் வழியாகத் தேடும்படி இணைக்க முனைந்தது. ரோமானியப் பேரரசின் எல்லைக் கோடு பிரிட்டனிலிருந்து ஜெர்மனி வழியாகத் தொடர்ந்து போகிறது. அதை ஆராய்கிறவர் ஒவ்வொரு நாட்டுக் கிடங்கையும் தனித்தனியே தட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் தேடினால் கிடைக்க வேண்டுமென்றால் கோப்பு திறக்க வேண்டும். காகிதத்தை இருட்டில் போட்டுவைத்தால் நூறு ஆண்டு தாங்கும். கணினிக் கோப்புக்கு அந்தக் கருணை இல்லை.

அந்தப் பாடத்தை ஐரோப்பா கற்றுக்கொண்ட விதம் தனிக் கதை. 1998இல் கிழக்கு லண்டனின் நியூஹாமில் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து இயங்கிய அகழாய்வுப் பிரிவு மூடப்பட்டது. அதன் ஆண்டுக்கணக்கான வேலை இருநூறுக்கும் மேற்பட்ட ஃபிளாப்பி வட்டுகளில் யார்க் பல்கலைக்கழகத்துக்கு வந்துசேர்ந்தது. அங்கே 1996இல்தான் தொடங்கியிருந்த தொல்லியல் தரவு மையத்தில், முதல் வட்டைக் கணினிக்குள் செருகினார்கள். அடுத்த இதழில் அங்கிருந்து தொடர்வோம்.

(தொடரும்)